ஃபேக்ஸ் 'ஓகே' என்கிறது, கணக்கு ஏன் இடிக்கிறது?

விருதுநகரிலிருந்து பருப்பும் வற்றலும் வாங்கும் திண்டுக்கல் மளிகைக் கடைக்காரருக்கும், ஒட்டன்சத்திரத்திலிருந்து கேரளத்துக்குக் காய்கறி லோடு அனுப்பும் கமிஷன் மண்டிக்காரருக்கும் வாய்ச்சொல்லைவிட எழுத்தே பாதுகாப்பு. 1990-களில் அந்த எழுத்தை ஊர்விட்டு ஊர் கொண்டு சேர்த்தது ஃபேக்ஸ். கையால் எழுதிய தமிழ்ச் சீட்டை அப்படியே படமாக அனுப்பியதால், எழுத்துரு பற்றிய கவலையும் இல்லாதிருந்தது.

இன்று அந்த வேலையைப் பெரும்பாலும் கைப்பேசி செய்கிறது. ஆயினும் பழைய வாடிக்கைக்காக இயந்திரத்தை வைத்திருக்கும் கடைகள் உண்டு. பழைய செம்புக் கம்பி இணைப்பு கண்ணாடி இழை இணைப்பாக மாறியபின், பல ஆண்டு நன்றாக ஓடிய இயந்திரம் திடீரெனத் தகராறு செய்வதுண்டு. பல நேரங்களில் பழுது இயந்திரத்தில் இருப்பதில்லை. அமைப்புகளை மாற்றினாலே போதும்.

இயந்திரங்கள் பேசிக்கொள்ளும் முறை

இரண்டு ஃபேக்ஸ் இயந்திரங்கள் தொடர்பு கொள்வது ஒரு பேரம் போன்றது. அழைக்கும் இயந்திரம் விட்டுவிட்டு ஓர் ஒலி எழுப்பும். எடுக்கும் இயந்திரம் நீண்ட ஒலியால் பதில் சொல்லி, தனக்கு என்னென்ன வேகம், என்னென்ன வசதி உண்டு என்று தெரிவிக்கும். பின் ஒன்றரை விநாடி சோதனை ஓட்டம் நடக்கும். லைன் தாங்காவிட்டால் வேகத்தைக் குறைத்து மீண்டும் சோதிக்கும். இந்த விதிமுறைக்கு டி.30 என்று பெயர். 1980-இல் உலக அளவில் ஏற்கப்பட்ட 'குரூப் 3' தரத்தின் அடிப்படை இதுவே. 1968-இன் குரூப் 1 முறையில் ஒரு பக்கத்துக்கு ஆறு நிமிடம் ஆனது. 1976-இன் குரூப் 2 அதை மூன்று நிமிடமாக்கியது. குரூப் 3-இல் ஒரு நிமிடம் அல்லது அதற்கும் குறைவு.

கண்ணாடி இழையில் குரல் சிறு சிறு பொட்டலங்களாகப் பிரிந்து போகிறது. மனிதர் பேச்சில் ஒரு பொட்டலம் தவறினால் காது அதைச் சமாளித்துக்கொள்ளும். ஃபேக்ஸ் ஒலியில் தவறினால் பக்கத்தில் சில வரிகள் போய்விடும்.

சரிபார்க்க வேண்டியவை

1. வேகம்: சாதாரண இயந்திரங்களின் உச்ச வேகம் விநாடிக்கு 14,400 பிட். சிலவற்றில் 33,600. மெனுவில் இதை 9,600 ஆகக் குறையுங்கள். அப்போதும் தடங்கல் இருந்தால் 4,800 வையுங்கள். பக்கத்துக்குச் சில விநாடிகள் கூடும், அவ்வளவுதான். சில இயந்திரங்களில் 'ஓவர்சீஸ் மோடு' என்ற அமைப்பும் வேகத்தைக் குறைத்தே அனுப்பும்.

2. இ.சி.எம். என்னும் பிழைதிருத்தம்: இதுதான் முக்கியமானது. இது இயங்கும்போது பக்கம் சிறு துண்டுகளாகப் போகும். கெட்டுப்போன துண்டை மட்டும் எதிர் இயந்திரம் மீண்டும் கேட்டு வாங்கும். இரண்டு பக்கமும் இந்த வசதி இருக்க வேண்டும். இது அணைந்திருந்தால், சில வரிகள் கெட்டாலும் 'ஓகே' என்றே அறிக்கை வரலாம். நீங்கள் எழுதிய 48 மூட்டை அங்கே 43 ஆகத் தெரிந்தால் நஷ்டம் யாருக்கு?

ஆனால் மோசமான லைனில் இ.சி.எம். திரும்பத் திரும்பத் துண்டுகளைக் கேட்டு, கடைசியில் அழைப்பே அறுந்துபோகும். அதனால்தான் இதை அணைக்கச் சொல்லும் மெக்கானிக்கும் உண்டு. முதலில் வேகத்தைக் குறையுங்கள். எதுவும் பலிக்காவிட்டால் மட்டும் அணையுங்கள். அணைத்தபின் எண்களைப் போனில் படித்துச் சரிபார்க்காமல் சரக்கை ஏற்றாதீர்கள்.

3. எழுத்தின் தெளிவு: 'ஸ்டாண்டர்டு' முறையில் ஒரு மில்லிமீட்டருக்கு 3.85 வரி. இரண்டு மில்லிமீட்டர் உயரமுள்ள எண்ணுக்குக் கிடைப்பது ஏழெட்டு வரிகளே. 'ஃபைன்' முறையில் 15 வரி கிடைக்கும். விலைப்பட்டியலுக்கும் ஆர்டருக்கும் 'ஃபைன்' வையுங்கள். கறுப்பு மையில், பெரிய எழுத்தில் எழுதுங்கள்.

4. இணைப்புக் கருவி: கண்ணாடி இழை மோடத்தின் தொலைபேசித் துளையில்தான் ஃபேக்ஸைச் செருக வேண்டும். ஃபேக்ஸுக்கென உள்ள டி.38 முறையை இணைப்பில் திறந்து தருமாறு நிறுவனத்தாரிடம் கேளுங்கள். அது இல்லையென்றால், குரலைச் சுருக்காத ஜி.711 முறையாவது வேண்டும். குரலைச் சுருக்கும் முறைகளில் ஃபேக்ஸ் ஓடாது. 'கால் வெயிட்டிங்' வசதியை நிறுத்துங்கள். நடுவில் வரும் அந்தச் சிறு ஒலியே பக்கத்தைக் கெடுத்துவிடும்.

5. தலைப்பு வரி: தேதி, நேரம், கடைப்பெயர், எண் ஆகியவை ஒவ்வொரு பக்கத்தின் மேலும் அச்சாகும். நீண்ட மின்தடைக்குப் பின் சில இயந்திரங்களில் கடிகாரம் தவறிவிடும். எந்த ஆர்டர் முதலில் வந்தது என்று தகராறு எழும்போது அந்த ஒரு வரிதான் பேசும்.

சோதனையும் சான்றும்

ஒரே நேரத்தில் எல்லாவற்றையும் மாற்றாதீர்கள். ஒன்றை மாற்றி, எண்கள் நிறைந்த ஒரு தாளைத் தெரிந்த கடைக்கு அனுப்பி, அதை அங்கிருந்து படித்துக் காட்டச் சொல்லுங்கள். சரியாக வந்த அமைப்பைக் குறித்து இயந்திரத்தின் மேலேயே ஒட்டிவையுங்கள். அனுப்பிய அறிக்கை, இயந்திரத்துக்குப் போய்ச் சேர்ந்ததையே காட்டும். வாங்கியவர் படித்தார் என்பதற்கு அது சான்றாகாது. எனவே பெரிய ஆர்டருக்குக் கையொப்பமிட்ட பதில் தாளைக் கேட்டு வாங்குவது நல்லது.

வெப்பத்தாளில் வரும் ஃபேக்ஸ் சில ஆண்டுகளில் வெளுத்துவிடும். ஜி.எஸ்.டி. சட்டப்படி கணக்குப் பதிவேடுகளையும் ஆவணங்களையும் அந்த ஆண்டின் ஆண்டு அறிக்கை தாக்கல் செய்யவேண்டிய கடைசித் தேதியிலிருந்து 72 மாதம் வைத்திருக்க வேண்டும். ஆகவே வந்த அன்றே ஒரு ஜெராக்ஸ் எடுத்துக் கோப்பில் சேர்த்துவிடுங்கள்.