உயரமே கையிருப்பு
புதியவர்களுக்கான வான்சாகசப் போட்டி: ஓர் அறிமுகம்

அமெரிக்காவின் சிறிய விமானத் தளங்களில் வான்சாகசப் போட்டி நடைபெறும் நாளன்று விந்தையான காட்சி ஒன்றைக் காணலாம். ஓடுபாதைக்கு அருகில் சிலர் தனித்தனியே நடந்துகொண்டிருப்பர். கண்கள் பாதி மூடியிருக்கும். வலக்கை விமானம் போல நிமிரும், சாயும், புரளும். உதடுகள் எதையோ முணுமுணுக்கும். அரங்கேற்றத்திற்கு முன் அடவுகளை மனத்துக்குள் ஒத்திகை பார்க்கும் நடன மாணவி நம் நினைவுக்கு வருவாள். இவர்கள் செய்வதும் அதுவே. வானில் வரையவிருக்கும் உருவங்களை வரிசை பிறழாமல் தரையில் நடந்து பழகுகின்றனர்.

இவர்களுள் ஒருவர் தம் வாழ்வின் முதல் போட்டிக்காகச் சற்று நேரத்தில் விண்ணேறப் போகிறார். அவர் போர் விமானி அல்லர். வார நாள்களில் வேறு தொழில் பார்த்து, ஓய்வு நாளில் விமானம் ஓட்டுபவர். விமானத்தைத் தலைகீழாகப் புரட்டுபவரை உயிரைத் துச்சமாக மதிப்பவர் என்று எண்ணுவது நம் இயல்பு. ஆயினும் இப்போட்டியின் விதிகளை ஊன்றி நோக்கினால், அவை துல்லியத்தையும் எச்சரிக்கையையுமே போற்றுவது புலனாகும். அவ்விதிகள் எவ்வாறு இயங்குகின்றன என்பதை இங்கே காண்போம்.

கைதில் தொடங்கிய கலை

1913ஆம் ஆண்டு செப்டம்பர் 9ஆம் நாள், ருஷ்யப் படை விமானி பியோத்தர் நெஸ்தெரோவ் கீவ் நகரில் தம் விமானத்தைச் செங்குத்தான முழு வட்டமாகச் செலுத்திக் காட்டினார். உலகில் அவ்வாறு செய்தவர் அவரே முதல்வர். பாராட்டுக்கு மாறாக, அரசுச் சொத்துக்கு ஆபத்து விளைவித்தார் என்று அவர் காவலில் வைக்கப்பட்டார்; பின்னரே பெருமை வந்து சேர்ந்தது. 1960இல் பிராட்டிஸ்லாவா நகரில் முதல் உலக வான்சாகசப் போட்டி நடைபெற்றது. செக்கோஸ்லோவாக்கிய நாட்டின் லாதிஸ்லாவ் பேசாக் அதில் வாகை சூடினார்.

அமெரிக்காவில் 1970இல் இன்டர்நேஷனல் ஏரோபாட்டிக் கிளப் என்னும் அமைப்பு உருவாயிற்று. அதன் போட்டிகள் ஐந்து நிலைகளில் நடத்தப்படுகின்றன. முதல் நிலையான ‘பிரைமரி’ புதியவர்களுக்கு உரியது. இறுதி நிலை ‘அன்லிமிடெட்’ எனப்படும்.

வானில் ஒரு பெட்டி

போட்டி நிகழும் இடத்தைப் ‘பெட்டி’ என்று அழைக்கின்றனர். நீளமும் அகலமும் ஏறத்தாழ ஒரு கிலோமீட்டர். பெட்டியின் மூலைகளைத் தரையில் விரிக்கப்பட்ட வெண்ணிறப் பட்டைகள் உணர்த்தும். புதியவர்களுக்கு இப்பெட்டியின் அடித்தளம் தரையிலிருந்து 1,500 அடி உயரத்திலும், மேற்கூரை 3,500 அடியிலும் அமையும். இறுதி நிலை வீரரோ 328 அடி வரை இறங்கி வரலாம். தேர்ச்சி கூடக்கூடத்தான் தரையை நெருங்கும் உரிமை கிடைக்கிறது.

பெட்டிக்குள் வரைய வேண்டிய உருவங்கள் முன்னரே அறிவிக்கப்படும். 45 பாகை ஏறுகோடு, முழு வட்டம், நீள அச்சில் ஒருமுறை புரளும் உருளல், சுழன்றபடி விழும் ‘ஸ்பின்’ ஆகியவை புதியவர்களின் வரிசையில் வழக்கமாக இடம்பெறுபவை. இசைக்கு ஸ்வரக் குறிப்பு இருப்பது போல இவ்வுருவங்களுக்கும் ஒரு குறியீட்டு முறை உண்டு. ஸ்பெயின் நாட்டு விமானி ஹோசே லூயிஸ் அரெஸ்தி வகுத்த அம்முறையில் எழுதப்பட்ட சிறு அட்டையை விமானி தம் கண்ணெதிரே பொருத்திக்கொள்வார்.

விமானமும் அதற்கேற்றதாக இருத்தல் வேண்டும். புதியவர்கள் பலரும் விரும்பும் ‘டெகாத்லான்’ விமானம், புவியீர்ப்பைப் போல் ஆறு மடங்கு விசையைத் தாங்கும். அதன் முன்னோடியான ‘சிட்டாப்ரியா’வின் பெயரை ஆங்கில எழுத்துகளில் பின்னிருந்து படித்தால் ‘ஏர்பாட்டிக்’ என்று வரும். போட்டிக்கு முன் விமானம் சோதிக்கப்படும். பாராசூட்டின் மடிப்புத் தேதியும் சரிபார்க்கப்படும். புதியவருடன் அனுபவமிக்க பாதுகாப்பு விமானி ஒருவர் அமர்ந்து செல்லவும் அனுமதி உண்டு.

பத்திலிருந்து கழித்தல்

நடுவர்கள் தரையில் நாற்காலியிட்டு அமர்ந்திருப்பர். அடுத்து வரும் உருவம் எது என்பதை ஓர் உதவியாளர் உரக்கப் படிப்பார். மற்றொருவர் மதிப்பெண்ணை எழுதிக்கொள்வார். நடுவரின் கண் விமானத்தைவிட்டு அகலாதிருக்கவே இந்த ஏற்பாடு. மற்ற நிலைகளில் போட்டியிடும் விமானிகளே பெரும்பாலும் இப்பணிகளை ஊதியமின்றி ஏற்கின்றனர்.

ஒவ்வொரு உருவமும் 10 மதிப்பெண்ணுடன் தொடங்குகிறது. கோணம் 5 பாகை பிசகினால் ஒரு மதிப்பெண் குறையும். எஞ்சியது அவ்வுருவத்தின் கடினத்தைக் குறிக்கும் எண்ணால் பெருக்கப்படும். முழு வட்டத்தின் கடின எண் 10. அதில் ஒருவர் 8 பெற்றால் அவர் கணக்கில் 80 சேரும்.

எளிதாகத் தோன்றும் அந்த வட்டமே புதியவரைத் திணறவைக்கும். வட்டத்தின் அடியில் வேகம் மிகுதி; உச்சியில் குறைவு. கைப்பிடியை ஒரே அளவாக இழுத்துக்கொண்டிருந்தால், வேகம் குறைந்த உச்சியில் வளைவு சுருங்கி வட்டம் சிதைந்துவிடும். எனவே உச்சியில் பிடியைத் தளர்த்தி, இறங்கும்போது மீண்டும் இறுக்க வேண்டும். அடிப்பகுதியில் உடல் நான்கு மடங்கு வரை கனக்கக்கூடும். 70 கிலோ எடையுள்ளவர் அப்போது 280 கிலோவாக இருக்கையில் அழுந்துவார். தலையிலிருந்து குருதி இறங்குவதால் பார்வை மங்கத் தொடங்கும். கால், வயிற்றுத் தசைகளை இறுக்கி அதனை எதிர்கொள்வர்.

இரு கணக்குகள்

வங்கியாளர்களாகிய எம்மைக் கவர்ந்த பகுதி இனித்தான் வருகிறது. வேகத்தை நடப்புக் கணக்கு என்றும், உயரத்தை வைப்புத்தொகை என்றும் கொள்வோம். கீழ்நோக்கிப் பாய்ந்தால் உயரம் கரைந்து வேகமாக மாறும். மேல்நோக்கி ஏறினால் வேகம் கரைந்து உயரமாகத் திரும்பும். இயந்திரத்தின் ஆற்றல் வருமானம். காற்றின் தடை செலவு. சிறிய விமானத்தில் அவ்வருமானம் குறைவு. ஆகவே ஒவ்வொரு உருவத்திற்குப் பின்னும் கையிருப்பு சிறிது சிறிதாகக் குறைந்துகொண்டே வரும். நான்காம், ஐந்தாம் உருவத்தை எட்டும்போது 1,500 அடிக் கோடு நெருங்கிவிடும்.

அந்நிலையில் புதியவர் மனத்தில் ஒரு போராட்டம் எழும். இன்னும் இரண்டே உருவங்கள். முடித்துவிடலாமே என்று ஆசை கூறும். உயரமானியோ வேறு கூறும். விதிகள் இங்கே அவருக்குத் துணை நிற்கின்றன. இறக்கைகளை மும்முறை அசைத்துவிட்டு அவர் வரிசையை இடைநிறுத்தலாம். நிதானமாக உயரமேறி, மூச்சுவிட்டு, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இதற்காகச் சிறிதளவு மதிப்பெண் கழிக்கப்படும். அடித்தளத்துக்குக் கீழே இறங்கினாலோ தண்டனை அதைவிடப் பன்மடங்கு கடுமையாக இருக்கும்.

வைப்புத்தொகையை முதிர்வுக்கு முன் முடித்துக்கொண்டால் வட்டி சிறிது குறைவதை வாடிக்கையாளர்கள் அறிவர். இடைநிறுத்தமும் அத்தகையதே. அதற்கான விலையை அனைவரும் செலுத்தக்கூடிய அளவில் வைத்து, ‘தயங்காதே, மேலே ஏறு’ என்று விதி சொல்லாமல் சொல்கிறது.

விழுந்து எழும் பயிற்சி

இத்தனை பாடும் எதற்கு என்ற வினா எழலாம். பரிசாகக் கிடைப்பது பெரும்பாலும் பதக்கமோ கேடயமோதான். உண்மையான பயன் ‘ஸ்பின்’ என்னும் உருவத்தில் அடங்கியிருக்கிறது.

விமானத்தின் மூக்கு அளவுக்கு மேல் நிமிர்ந்தால் இறக்கை தன் தாங்குதிறனை இழக்கும். அவ்வேளையில் விமானம் பக்கவாட்டில் விலகினால் ஓர் இறக்கை முந்திச் சரிய, விமானம் சுழன்றபடி விழும். தரை சுழன்று எழுந்து வருவதைக் காணும் எவரும் கைப்பிடியைத் தம்பால் இழுக்கவே துடிப்பர். அது சுழற்சியை நீட்டிக்கும். மீளும் வழி நேர்மாறானது. இயந்திரத்தின் ஆற்றலைக் குறைத்து, பக்கச் சாய்வுக் கட்டுப்பாட்டை நடுநிலைக்குக் கொணர்ந்து, சுழலும் திசைக்கு எதிராக வால் சுக்கானை முழுதும் மிதித்து, கைப்பிடியை முன்னோக்கித் தள்ள வேண்டும்.

தரையிறங்குவதற்காகத் தாழத் திரும்பும்போது இச்சுழற்சி நேர்ந்தால் மீள்வதற்கு உயரம் போதாது. சிறு விமானங்களின் உயிர்ச்சேதமிக்க விபத்துகளுக்குக் கட்டுப்பாடு இழத்தலே முதன்மைக் காரணமாக இருந்துவருகிறது. ஆயினும் அமெரிக்காவில் தனியார் விமானி உரிமத்திற்கு ‘ஸ்பின்’ பயிற்சி 1949 முதல் கட்டாயமன்று. எனவே உரிமம் பெற்ற பலர் அதனை ஒருமுறையும் சந்தித்ததில்லை. போட்டிக்குப் பழகுபவரோ வேண்டிய உயரத்தில், தாமே விரும்பி, பலமுறை விழுந்து எழுகிறார். சரியாக ஒரு சுற்று முடிந்ததும் குறித்த திசையில் நிறுத்தவும் பழகுகிறார். அவ்வாறு பழகியவர், சுழற்சி தொடங்குவதற்கு முன்னரே அதன் அறிகுறிகளை உணர்ந்து விலகக் கற்றுக்கொள்கிறார்.

மாலையில் விமானங்கள் வரிசையாக நிறுத்தப்பட்டதும் முடிவுகள் அறிவிக்கப்படும். முதல் போட்டியில் பறந்தவர் கடைசி இடத்தில் இருக்கக்கூடும். எனினும் ஆசை உந்திய கணத்தில் இறக்கைகளை அசைத்து உயரமேறியவராயின், அவர் கற்க வேண்டியதைக் கற்றுவிட்டார். குடும்பத்தின் நெருக்கடிக் கையிருப்பைப் பேணும் வாசக அன்பர்களுக்கும் இது புதிய பாடமன்று. எவ்வளவு இருக்கிறது என்பதைப் போலவே, எந்த அளவுக்குக் கீழே இறங்கமாட்டோம் என்பதையும் முன்கூட்டியே முடிவுசெய்து வைப்பதுதான் பாதுகாப்பு.