ஆறு பக்கமும் தரை

வீட்டை நாம் சதுர அடியில்தான் அளக்கிறோம். பத்தடி உயரத்துக்குச் சுவர் எழுப்பினாலும் புழங்குவதென்னவோ ஆறடிக்குக் கீழேதான். அதற்கு மேலே உள்ளதெல்லாம் மின்விசிறிக்கும் பரணுக்கும் போகிறது. நம்மையும் நம் சாமான்களையும் புவியீர்ப்பு தரையோடு கட்டிப்போட்டிருக்கிறது.

அந்தக் கட்டு அவிழ்ந்தால் வீடு எப்படியிருக்கும் என்பதை, சுமார் 400 கிலோமீட்டர் உயரத்தில் சுற்றிவரும் சர்வதேச விண்வெளி நிலையத்தில் பார்க்கலாம். அங்கும் ஈர்ப்பு உண்டு, தரையில் இருப்பதில் ஏறக்குறைய பத்தில் ஒன்பது பங்கு. நிலையமும் உள்ளே இருப்பவர்களும் சேர்ந்தே பூமியை நோக்கி விழுந்தபடி சுற்றுவதால் எடை தெரிவதில்லை, அவ்வளவுதான்.

அங்கே மனிதர்கள் புழங்கும் இடம் 388 கன மீட்டர். பத்தடி உயரக் கூரை போட்டு நம் கணக்குக்கு மாற்றினால் சுமார் 1,370 சதுர அடி. அதற்குள் வழக்கமாக ஏழு பேர், பல மாதங்கள். ஆய்வகம், உடற்பயிற்சிக் கருவிகள், கழிப்பறை எல்லாம் அதிலேயே அடக்கம். தூங்கும் அறை ஒன்றின் கொள்ளளவு ஏறத்தாழ 2.1 கன மீட்டர். இரண்டு இரும்பு பீரோக்களை ஒட்டி நிறுத்தினால் வரும் இடம்.

ஆனாலும் நெரிசல் இல்லை. 'ஹார்மனி' பகுதியிலுள்ள நான்கு தூங்கும் அறைகளில் இரண்டு பக்கச் சுவர்களில், ஒன்று கூரையில், ஒன்று தரையில். 'டெஸ்டினி' ஆய்வகத்தில் நான்கு பக்கமும் ஆறு ஆறாக 24 அலமாரிகள். எந்தப் பக்கமும் வீணில்லை. நடப்பது கிடையாது, நிலையாக நிற்க கம்பிகளில் பாதத்தைக் கோத்துக்கொள்கிறார்கள். நாளடைவில் உள்ளங்கால் மென்மையாகி, பாதத்தின் மேல்பக்கம் காய்த்துப்போகிறது!

இடத்தைத் தின்னும் ஈர்ப்பு, கூலி வாங்காமல் நமக்கு எத்தனை வீட்டுவேலை செய்கிறது என்பதும் அங்கேதான் புரியும். நாம் விடும் வெதுவெதுப்பான மூச்சு, எடை குறைவு என்பதால் தானாக மேலே போய்விடுகிறது. அங்கே அது நகராது. தூங்கும் அறையில் விசிறி நின்றால், தாம் வெளிவிட்ட கரியமில வாயுவையே திரும்பச் சுவாசிக்க நேரும். ரொட்டித் துகள் கீழே விழாமல் கண்ணிலும் கருவியிலும் புகும் என்பதால், பாவ் ரொட்டிக்குப் பதில் சப்பாத்தி போன்ற டார்ட்டியா சாப்பிடுகிறார்கள்.

பொருளை வைத்தது வைத்த இடத்தில் இருக்கவும் ஈர்ப்பு வேண்டும். விண்வெளி வீரர் ஃபிராங்க் ரூபியோ அங்கே விளைந்த தக்காளி ஒன்றைப் பையில் போட்டுவைத்தார். அது மிதந்து எங்கோ போய்விட்டது. அவரே தின்றுவிட்டார் என்று சக வீரர்கள் கேலி செய்தார்கள். 371 நாள் தங்கிவிட்டு 2023 செப்டம்பரில் அவர் பூமிக்குத் திரும்பினார். டிசம்பரில்தான் அந்தத் தக்காளி வற்றி உலர்ந்து கிடைத்தது.

தண்ணீரிலும் சிக்கனம்: வியர்வை, மூச்சின் ஈரம், சிறுநீர் எல்லாவற்றையும் சுத்திகரித்து, சுமார் 98 சதவீதத்தை மீட்டுவிடுகிறார்கள். ஆனால் துணி துவைக்கும் வசதி மட்டும் கிடையாது. உடுத்தி அழுக்கான துணிகள் மற்ற குப்பையோடு சரக்குக் கலத்தில் ஏறுகின்றன. அந்தக் கலம் வளிமண்டலத்தில் எரிந்துபோகிறது.