திங்கட்கிழமைச் சபதம் வேண்டாம்

ரத்தப் பரிசோதனை முடிவு கைக்கு வந்த அன்று வீடே மாறிவிடும். ஃப்ரிட்ஜில் இருந்த இனிப்பு பக்கத்து வீட்டுக்குப் போகும். கம்பும் தினையும் சாமையும் கிலோ கணக்கில் வந்து இறங்கும். புது ஷூ வாங்கியாகிவிடும். திங்கட்கிழமை விடியற்காலை ஐந்து மணிக்கு அலாரம் அடிக்கும். முதல் நாளே ஒரு மணி நேரம் வேகநடை, இரவு இரண்டே இரண்டு சப்பாத்தி. மூன்றாம் நாள் முழங்கால் வலிக்கும். அடுத்த வாரம் சொந்தத்தில் ஒரு கல்யாணம் வரும். பந்தியில் உட்கார்ந்து எழுந்ததோடு சபதமும் முடிந்துவிடும். அதன்பிறகு, "நமக்கு மன உறுதி போதாது" என்று தங்களைத் தாங்களே நொந்துகொள்வார்கள். எனக்கு இதைக் கேட்கும்போதெல்லாம் வருத்தமாக இருக்கும். மன உறுதியெல்லாம் போதிய அளவு இருந்தது. தொடங்கிய அளவுதான் தாங்கமுடியாத அளவு.

எவ்வளவு குறைவாகச் செய்தாலே பலன் கிடைக்கும் என்பதற்குச் சென்னையிலேயே ஆதாரம் இருக்கிறது. டாக்டர் ஏ. ராமச்சந்திரன் தலைமையிலான குழு, சர்க்கரை நோயின் எல்லையில் நின்ற 531 பேரை மூன்று ஆண்டுகள் கவனித்து, 2006-இல் முடிவுகளை வெளியிட்டது. வழக்கமான ஆலோசனை மட்டும் பெற்றவர்களில் 55 சதவீதம் பேருக்கு அந்த மூன்று ஆண்டுகளில் சர்க்கரை நோய் வந்துவிட்டது. உணவையும் நடையையும் மாற்றிக்கொண்ட குழுவில் அது 39 சதவீதம். அவர்களுக்குச் சொல்லப்பட்டது என்ன? தினம் அரை மணி நேரம் நடங்கள். சீனியைத் தவிர்த்து, மாவுப்பொருளையும் எண்ணெயையும் குறைத்து, நார்ச்சத்துள்ளதைச் சேர்த்துக்கொள்ளுங்கள். அவ்வளவுதான். மாத்திரை மட்டும் சாப்பிட்ட குழுவுக்குக் கிடைத்த பலனும் ஏறக்குறைய இதே அளவுதான். 2023-இல் வெளியான தேசிய ஆய்வின்படி இந்தியாவில் 10.1 கோடிப் பேருக்குச் சர்க்கரை நோய் இருக்கிறது, இன்னும் 13.6 கோடிப் பேர் எல்லையில் நிற்கிறார்கள். அந்த 13.6 கோடியில் நம் வீட்டிலும் ஒருவர் இருக்கலாம்.

சாப்பாட்டில் எங்கே தொடங்குவது? எதை நிறுத்துவது என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். எதைக் கூட்டுவது என்று கேட்டால் வேலை சுலபமாகிவிடும். நம் மதியத் தட்டைப் பாருங்கள். நடுவில் குவித்த சோறு, ஓரத்தில் ஒரு கரண்டிப் பொரியல். ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் ஒரு நாளைக்குச் சொல்லும் கணக்கு இதற்கு நேர் எதிர்: 2,000 கலோரி தேவைப்படுபவருக்கு அரிசி, கோதுமை போன்ற தானியம் எல்லாம் சேர்த்து 250 கிராம், காய்கறியும் கீரையும் 400 கிராம், பருப்பு, பயறு வகை 85 கிராம். இந்தக் கணக்கை முதல் வாரமே எட்ட வேண்டியதில்லை. சோற்றின் அளவில் கையே வைக்காமல், பொரியலை மட்டும் இரண்டு மடங்காக்குங்கள். சாப்பிட உட்கார்ந்ததும் முதலில் அதைச் சாப்பிட்டுவிடுங்கள். காயும் பருப்பும் முதலில் உள்ளே போனால், பின்னால் வரும் சோற்றின் சர்க்கரை ரத்தத்தில் மெதுவாகத்தான் ஏறும். வயிறும் பாதி நிரம்பியிருக்கும். இரண்டு வாரம் கழித்து, மூன்றாவது முறை சோறு கேட்கத் தோன்றாது.

இதற்கு விலையுயர்ந்த எதுவும் தேவையில்லை. சுரைக்காய், பீர்க்கங்காய், புடலங்காய், கொத்தவரங்காய், முருங்கைக்கீரை எல்லாம் நம் சந்தையில் கிடைப்பவை. காலையில் நான்கு இட்லி சாப்பிடுபவர் மூன்றோடு நிறுத்தி, ஒரு கிண்ணம் நிறையக் காய் போட்ட கெட்டிச் சாம்பாரைச் சேர்த்துக்கொள்ளலாம். மாலையில் டீயோடு வரும் பஜ்ஜிக்குப் பதில் வாரத்தில் மூன்று நாள் சுண்டல். முட்டை சாப்பிடுபவர்களுக்கு அவித்த முட்டை, மீன் சாப்பிடுபவர்களுக்குக் குழம்பில் போட்ட மத்தி, நெத்திலி. நம் ஊர்ச் சாப்பாட்டில் அதிகம் குறைவது புரதம்தான்.

சிறுதானியத்தைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். நல்ல உணவு, சந்தேகமில்லை. ஆனால் இந்தியர்கள் சாப்பிடும் கலோரியில் ஏறக்குறைய 62 சதவீதம் மாவுப்பொருளிலிருந்தே வருகிறது. அரிசியை எடுத்துவிட்டு அதே அளவு குதிரைவாலியை வைத்தால் அந்தக் கணக்கு பெரிதாக மாறாது. கம்பங்கூழ் என்பதால் இரண்டு சொம்பு குடிக்கலாம் என்ற எண்ணம் பலரின் காலை வாரிவிட்டிருக்கிறது. தானியம் எதுவானாலும் அளவு குறைய வேண்டும். அந்த இடத்தில் பருப்பும் பயறும் வர வேண்டும்.

வீட்டில் சமைப்பவரைப் பற்றி இந்த மாதிரி ஆலோசனைகளில் யாரும் பேசுவதில்லை. பெரும்பாலும் அவர் பெண். எல்லோருக்கும் பரிமாறிவிட்டுக் கடைசியில் உட்காருவார். அப்போது பொரியல் சட்டி காலியாக இருக்கும். மிச்சம் இருப்பது சோறும் ரசமும் ஊறுகாயும். வீணாகக் கூடாதே என்று குழந்தை விட்டுவைத்ததையும் அவர்தான் சாப்பிடுவார். அப்பாவுக்குச் சர்க்கரை என்று தனிச் சமையல் செய்வதும் அவர்தான். காலை ஐந்து மணிக்கு வாக்கிங் போ என்று அவரிடம் சொல்வது அநியாயம். அந்த நேரத்தில் அவர் அடுப்படியில் நிற்கிறார். எனவே மாற்றம் ஒருவருக்கு மட்டும் என்று வைக்காதீர்கள். எல்லோருக்கும் ஒரே சமையல். காயை இன்னொருவர் நறுக்கட்டும். எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடட்டும். அவர் நடந்துவிட்டு வரும் அரை மணி நேரத்துக்குப் பாத்திரத்தை வேறு யாராவது பார்த்துக்கொள்ளட்டும். என்னைக் கேட்டால், ஒரு வீட்டின் உடல்நலத்தில் முதலில் மாற வேண்டியது இதுதான்.

டீயில் ஒளிந்திருக்கும் சீனியைக் கொஞ்சம் கணக்குப் போடுங்கள். நாளுக்கு நான்கு டீ, ஒவ்வொன்றிலும் இரண்டு ஸ்பூன் என்றால் முப்பது கிராமைத் தாண்டிவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் சொல்லும் நல்ல எல்லை சுமார் 25 கிராம். இரண்டு ஸ்பூனை ஒன்றரையாக்கி, நாக்கு பழகியதும் ஒன்றாக்குங்கள். உப்பும் அப்படியே. ஒரு நாளைக்கு ஒரு டீஸ்பூன், அதாவது ஐந்து கிராமுக்குக் கீழே இருக்க வேண்டும். அப்பளம், ஊறுகாய், மிக்சர் மூன்றும் ஒரே நாளில் தட்டுக்கு வராமல் பார்த்துக்கொண்டாலே பெரிய மாற்றம் தெரியும்.

இனி நடை. தினமும் பத்தாயிரம் அடி என்ற கணக்கைக் கேட்டே பலர் பயந்துவிடுகிறார்கள். அந்த எண் மருத்துவ ஆராய்ச்சியிலிருந்து வந்ததல்ல; 1965-இல் ஜப்பானில் விற்பனைக்கு வந்த ஒரு காலடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. வயதான பெண்களை வைத்துச் செய்யப்பட்டு 2019-இல் வெளியான அமெரிக்க ஆய்வில், நாளுக்கு 4,400 அடி நடந்தவர்களுக்கே, 2,700 அடி நடந்தவர்களைவிட இறப்பு அபாயம் தெளிவாகக் குறைந்திருந்தது. அதற்கும் முன்பே, 1953-இல், ஜெரி மாரிஸ் என்ற மருத்துவர் லண்டன் மாடிப் பேருந்துகளை வைத்து ஒன்றைக் காட்டினார். நாளெல்லாம் உட்கார்ந்தே ஓட்டிய ஓட்டுநர்களைவிட, படியேறி இறங்கி டிக்கெட் கிழித்த நடத்துநர்களுக்கு மாரடைப்பு குறைவு. அவர்கள் யாரும் உடற்பயிற்சிக்கு என்று தனியாக நேரம் ஒதுக்கவில்லை.

ஆகவே தொடக்கம் பத்து நிமிடமாக இருக்கட்டும். இரவுச் சாப்பாடு முடிந்து தட்டைக் கழுவியதும், தெருமுனை வரை போய் வாருங்கள். சாப்பிட்டபின் நடக்கும்போது கால் தசைகள் ரத்தத்திலிருக்கும் சர்க்கரையை நேரடியாக எடுத்துக்கொள்கின்றன. தெருநாய்த் தொல்லை, வெளிச்சமில்லாத தெரு என்றால் மொட்டைமாடி போதும். இரண்டு வாரத்துக்கு ஒருமுறை ஐந்து நிமிடம் கூட்டினால், இரண்டு மாதத்தில் அரை மணி நேரத்தைத் தொட்டுவிடுவீர்கள். வாரத்துக்கு ஐந்து நாள் அப்படி நடந்தால் உலக சுகாதார நிறுவனம் கேட்கும் 150 நிமிடம் நிறைந்துவிடும். வேகத்துக்கு ஓர் அளவு: நடந்துகொண்டே பேச முடிய வேண்டும், பாட முடியக் கூடாது. தமிழக அரசு 2023-இல் தொடங்கிய ‘நடப்போம் நலம் பெறுவோம்’ திட்டத்தில் மாவட்டந்தோறும் எட்டு கிலோமீட்டர் நடைபாதை குறித்திருக்கிறார்கள். பழகாதவர் அதில் ஒரு கிலோமீட்டர் நடந்தாலே முதல் மாதத்துக்குப் போதும்.

நடையோடு தசைக்கும் வேலை கொடுக்க வேண்டும். கைப்பிடி இல்லாத நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் பத்து முறை எழுந்து உட்காருங்கள். சுவரில் உள்ளங்கையை வைத்துப் பத்து முறை தள்ளுங்கள். வாரத்தில் இரண்டு நாள் செய்தால் போதும். குளியலறையில் தடுமாறாமல் இருக்கவும், கீழே உட்கார்ந்தால் தானாக எழுந்திருக்கவும் இந்தத் தசைதான் உதவும்.

இன்சுலின் போட்டுக்கொள்பவர்களும் சர்க்கரை மாத்திரை சாப்பிடுபவர்களும் மருத்துவரைக் கேட்டுக்கொண்டே சோற்றைக் குறைக்க வேண்டும், ரத்தத்தில் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோவது ஆபத்தானது. நடக்கப் போகும்போது சட்டைப்பையில் இரண்டு மிட்டாய் இருக்கட்டும். நடக்கையில் நெஞ்சு இறுகினாலோ, தாடை, இடது கை வலித்தாலோ, தலை சுற்றினாலோ உடனே நின்றுவிட வேண்டும். அன்றே மருத்துவரைப் பார்க்க வேண்டும்.

கல்யாணம், தீபாவளி, காய்ச்சல் என்று விட்டுப்போகும் நாட்கள் வரத்தான் செய்யும். ஒரு பழக்கம் எவ்வளவு நாளில் படியும் என்று லண்டனில் ஆராய்ந்தபோது சிலருக்கு 18 நாளும் சிலருக்கு 254 நாளும் ஆகும் என்று கணக்கிட்டார்கள். நடுத்தரமாக 66 நாள். இடையில் ஒரு நாள் விட்டுப்போனது பழக்கத்தைக் கெடுக்கவில்லை. மறுநாள் விட்ட இடத்திலிருந்து நடந்தால் சரி.

எடை இயந்திரத்தில் தினம் ஏறி மனதை வருத்திக்கொள்ள வேண்டாம். இடுப்பைச் சுற்றி அளவு நாடா வைத்து மாதம் ஒருமுறை பாருங்கள். ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர், பெண்களுக்கு 80 சென்டிமீட்டர் என்பது இந்தியர்களுக்கான எல்லை. மூன்று மாதச் சராசரிச் சர்க்கரையைக் காட்டும் பரிசோதனையை மூன்று மாதம் கழித்தே எடுங்கள். அதற்கு முன்பாகவே, தமிழக அரசின் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டப் பணியாளர் வீட்டுக்கு வந்தால் வீட்டிலுள்ள எல்லோருக்கும் சர்க்கரையும் ரத்தக்கொதிப்பும் பார்த்துவிடுங்கள், சமைப்பவருக்கும் சேர்த்து.