கரிய பானமும் கணித சாஸ்திரமும்

நெல் ஒன்றையே தானியமென்று கொண்டாடிப் பழகிய காவேரிப் பாசனப் பிரதேசத்தாருக்கு, பார்லி என்றால் நீர்க்கடுப்புக்குக் காய்ச்சித் தரும் கஞ்சியே பெரும்பாலும் நினைவுக்கு வரும். அயர்லாந்து தேசத்தாரோ அந்தத் தானியத்தை முளைகட்டி, உலர்த்தி, நொதிக்கவைத்து உண்டாக்கும் பானங்களில் ருசியின் நுட்பத்தை எத்தனை தூரம் வளர்த்திருக்கிறார்கள் என்பது, மதுவைத் தீண்டாதவரும் அறிந்து மகிழத்தக்க விஷயம்.

லாகர் என்பது குளிர்ச்சியில் மெதுவாக நொதித்து, பின்னும் வாரக்கணக்கில் குளிரிலேயே கிடந்து தெளியும் பொன்னிறப் பீர். 1960-இல் டண்டாக் நகரில் உற்பத்தியான ஹார்ப் இவ்வகையைச் சேர்ந்தது. சுத்தமான, லேசான ருசி. அதற்கு மேல் அதைப்பற்றி விஸ்தாரமாகச் சொல்ல எனக்குத் தோன்றவில்லை.

அயர்லாந்தின் கீர்த்தியெல்லாம் ஸ்டவுட் என்னும் கரிய பானத்தில்தான் இருக்கிறது. ஆர்தர் கின்னஸ் என்பவர் 1759-இல் டப்ளின் நகரில் ஒரு மதுச்சாலையை வருஷம் 45 பவுன் வாடகைக்கு 9,000 ஆண்டுகளுக்குக் குத்தகை எடுத்தார். அங்கே பிற்காலத்தில் உருவான ஸ்டவுட்டுக்கு நிறமும் கசப்பும் தருவது, முளைகட்டாமலே கருக வறுத்த பார்லி. கோப்பையை வெளிச்சத்தில் உயர்த்திப் பார்த்தால் கருமையின் ஓரத்தில் மாணிக்கச் சிவப்பு தெரியும். நீரில் எளிதில் கரையாத நைட்ரஜன் வாயுவைச் சேர்ப்பதால் குமிழிகள் மிகச் சிறியனவாகி நுரை வெண்ணெய்போல் திரளுகிறது. 1959-இல் இம்முறையை வகுத்த மைக்கேல் ஆஷ் கணிதம் பயின்றவர். நுரையை ஊடுருவி ஒரு வாய் பருகினால் முதலில் வறுவலின் கசப்பும், அடுத்து மெல்லிய புளிப்பும், முடிவில் நாவை உலர்த்தும் துவர்ப்பும் வரிசையாக வரும். கும்பகோணத்து டிகிரி காப்பியின் கசப்பை அறிந்த நாவுக்கு இது அந்நியமாக இராது. அதிகக் குளிர்ச்சி இந்தப் பேதங்களை மரத்துப்போகச் செய்துவிடும். கருமையைக் கண்டு இது கடுமையான மது என்று எண்ணுவதும் தவறு. குழாயில் பிடித்துத் தரும் கின்னஸில் மதுசாரம் நூற்றுக்குச் சுமார் 4.2 பங்குதான், பல லாகர்களைவிடக் குறைவு.

இந்த ருசி ஆண்டுதோறும் மாறாமல் இருக்க நல்ல பார்லி வேண்டுமே! அதற்காகவே 1899-இல் அந்த ஸ்தாபனத்தில் சேர்ந்த வில்லியம் காசெட், சில மாதிரிகளை மாத்திரம் கொண்டு நம்பத்தக்க முடிவுக்கு வருவது எப்படி என்று ஆராய்ந்து, 1908-இல் ‘ஸ்டூடன்ட்’ என்ற புனைபெயரில் ஒரு கட்டுரை வெளியிட்டார். இரண்டு ரகங்களில் ஒன்று மெய்யாகவே மிகுதியாக விளைந்ததா, அல்லது நிலத்தின் வளமும் மழையின் தயவும் அப்படிக் காட்டினவா என்று பிரித்தறிய அதில் வழி பிறந்தது. 1922 முதல் நெல் ஆராய்ச்சி நடக்கும் நம் ஆடுதுறையில் ஒரு புதிய ரகத்தைப் பழைய ரகத்தோடு வைத்துப் பார்க்கும்போதும் எழுகிற கேள்வி இதுவே. விவசாயக் கல்லூரி மாணவர்கள் இன்றும் ‘ஸ்டூடன்ட்’ பெயராலேயே அந்தப் பரீட்சையைப் பயிலுகிறார்கள். ஒரு பானத்தின் ருசியைக் காக்கப் பிறந்த கணிதம் உழவனுக்கும் உதவியாக அமைந்தது எனக்குத் தீராத வியப்பு.

நமக்கு அண்மையிலும் ஸ்டவுட் உண்டு. இலங்கையின் நுவரெலியாவில் தோன்றிய மதுச்சாலையின் பெயர்பெற்ற லயன் ஸ்டவுட்டில் மதுசாரம் 8.8 பங்கு, சாக்லேட்டும் கருப்பஞ்சாற்றுப் பாகும் கலந்தாற்போன்ற இனிப்பு கனத்து நிற்கும். இரண்டையும் ஒப்பிட விரும்புகிறவர் டப்ளின் பானத்தை முதலில் சுவைத்து, வாயை வெறும் நீரால் கொப்பளித்துவிட்டு, இதைச் சிறிதளவே பருகுதல் உசிதம். இனிப்பு முந்திக்கொண்டால் பின்வரும் கசப்பின் தராதரம் நாவுக்குப் புலப்படாது.