எபிசோட்: குடில்ல மேய்ப்பனுக்கு என்ன வேலை?

(ஒலிபரப்பான எபிசோடின் எடிட் செய்த எழுத்து வடிவம்)

இன்னைக்கு எபிசோட் என் ஊர்ல, ஆம்பூர்ல ஆரம்பிக்குது.

ஆறாவது படிக்கும்போது சர்ச்ல கிறிஸ்துமஸ் நாடகம். எனக்கு ராஜா வேஷம்தான் வேணும். ஜிகினா கிரீடம் இருக்கே! கிடைச்சது மேய்ப்பன் வேஷம். ஒரு கம்பளி, ஒரு கம்பு. "உங்க வீட்லதான் தோல் வாசனை வருதே, உனக்கு இதுதான் பொருத்தம்"னு கூட நடிச்ச பையன் சொன்னான். அப்பா டேனரியில வேலை பார்த்தார். உப்புத் தோலைக் கழுவி டிரம்ல போடுற வேலை. எவ்வளவு சோப்பு போட்டாலும் கையில அந்த வாசனை இருக்கும். அன்னைக்கு ராத்திரி நான் அப்பா கையைப் பிடிக்காம முன்னாடியே நடந்து வீட்டுக்கு வந்துட்டேன்.

அந்தக் குடிலை அதுக்கப்புறம் நான் உட்கார்ந்து படிக்கவே இல்லை. இப்போ படிச்சேன்.

முதல் விஷயம். நம்ம வீட்டுக் குடில் ரெண்டு கதைகளை மெர்ஜ் பண்ணது. மேய்ப்பர்களும் முன்னணையும் லூக்காவில் மட்டும்தான் இருக்கு. நட்சத்திரம், கிழக்கிலிருந்து வந்த ஞானிகள் எல்லாம் மத்தேயுவில் மட்டும். மூணு ராஜான்னு மத்தேயு எங்கேயும் சொல்லலை. காணிக்கை மூணு, அதனால ஆளும் மூணுன்னு பின்னாடி வந்தவங்க கணக்குப் போட்டாங்க. மாடும் கழுதையும் ரெண்டு கதையிலுமே கிடையாது! ஏசாயா புத்தகத்தின் முதல் அதிகாரத்தில், எஜமானை அடையாளம் தெரிஞ்ச மாடும் கழுதையும் வரும். அங்கேயிருந்து அதுங்க குடிலுக்குள்ள வந்துடுச்சு. 1223-ல இத்தாலியின் கிரேச்சோவில் அசிசி பிரான்சிஸ் நிஜ மாட்டையும் கழுதையையும் நிறுத்தி கிறிஸ்துமஸ் கொண்டாடினார். குடில் வைக்கிற வழக்கம் பரவ அது பெரிய காரணம்.

அடுத்தது முன்னணை. அதாவது மாட்டுக்குத் தீவனம் போடுற தொட்டி. 'சத்திரத்தில் இடமில்லை'ன்னு படிச்சு வளர்ந்திருப்போம். ஆனா லூக்கா அங்க எழுதின கிரேக்கச் சொல்லுக்கு விருந்தினர் அறைன்னும் பொருள் உண்டு. கடைசி இராப்போஜன அறைக்கும் அவர் அதே சொல்லைத்தான் போடுறார். நல்ல சமாரியன் கதையில வர்ற நிஜமான சத்திரத்துக்கு வேற சொல். அதனால, விருந்தாளி அறை நிறைஞ்சதால வீட்டில் கால்நடை கட்டுற பக்கம் குழந்தையைப் படுக்க வெச்சாங்கன்னு பல அறிஞர்கள் சொல்றாங்க. நம்ம பக்கத்து கிராமங்கள்ல ஆட்டையும் கன்னுக்குட்டியையும் வீட்டோட ஒட்டிக் கட்டுறதைப் பார்த்தவங்களுக்கு இது புதுசா இருக்காது.

அந்தத் தொட்டிக்கு இன்னொரு அர்த்தமும் உண்டு. பெத்லகேம்னா எபிரேயத்தில் 'அப்பத்தின் வீடு'. அப்பத்தின் வீட்டில், உணவு வைக்கிற தொட்டியில் ஒரு குழந்தை. 'நானே ஜீவ அப்பம்'னு பின்னாடி சொல்லப்போறவருக்கு இது முன்குறிப்புன்னு திருச்சபை வாசிச்சது. அரபில அதே ஊர்ப் பேருக்கு 'இறைச்சியின் வீடு'ன்னு அர்த்தம் வரும். இதைச் சொன்னதும் என் முஸ்லிம் நண்பன், "அப்போ அது ஆம்பூர்தான்டா"ன்னு சிரிச்சான். குர்ஆன்ல 19-வது அத்தியாயத்தோட பேரே 'மர்யம்'. அங்க தொழுவம் கிடையாது. மர்யம் தனியா, ஒரு பேரீச்ச மரத்தடியில் பிரசவ வலியில் இருக்காங்க. காலடியில் நீரோடை, மேலே பழம். அதை அவன்தான் எனக்கு விளக்கினான்.

காணிக்கைகளை வேகமா பார்த்துடலாம். பொன் ராஜாவுக்கு. தூபம் தெய்வத்துக்கு. வெள்ளைப்போளம்ங்கிற மரப்பிசின் பிணத்துக்குப் பூசுறது. தொட்டில் பக்கத்துலயே சாவை ஞாபகப்படுத்துற பொருள்!

இப்போ மேய்ப்பர்கள். 'அவங்க சமூகத்தால ஒதுக்கப்பட்டவங்க'ன்னு பிரசங்கத்தில் கேட்டிருப்பீங்க. கொஞ்சம் நிதானமா போகணும். அதுக்குக் காட்டுற ஆதாரங்கள் பெரும்பாலும் பிற்காலத்தவை. தாவீது ராஜாவே ஆடு மேய்ச்சவர்தான், அதுவும் இதே பெத்லகேமில். லூக்கா சொல்றது ஒண்ணே ஒண்ணுதான்: ராத்திரி மந்தையைக் காவல் காத்துட்டு இருந்தாங்க. நைட் ஷிஃப்ட். சேதி முதல்ல போனது வேலையில் இருந்தவங்ககிட்ட. குளிச்சுட்டு வாங்கன்னு யாரும் சொல்லலை. ஆட்டு வாசனையோடவே போய்க் குழந்தையைப் பார்த்தாங்க.

தோல் தொழிலுக்கு அந்தக் காலத்திலும் கெட்ட பேர்தான். கணவன் தோல் பதனிடுறவனா இருந்தா மனைவி விவாகரத்து கேட்கலாம்னு யூதச் சட்டத் தொகுப்பான மிஷ்னாவில் இருக்கு. ஆனா அப்போஸ்தலர் நடபடிகள்ல பேதுரு யோப்பா ஊருக்குப் போய் எங்க தங்குறார் தெரியுமா? தோல் பதனிடுற சீமோன் வீட்டில். 'எதையும் தீட்டுன்னு சொல்லாதே'ங்கிற தரிசனம் அவருக்கு அந்த வீட்டு மாடியில்தான் வருது. மேய்ப்பர்கள் கதையை எழுதின அதே லூக்காதான் இதையும் எழுதினவர்னு மரபு சொல்லுது.

போன டிசம்பர்ல ஊருக்குப் போனப்போ அப்பாகிட்ட அந்த நாடக ராத்திரியைச் சொன்னேன். அவருக்கு நான் முன்னாடி நடந்தது ஞாபகம் இல்லை. "கம்பளியில நல்லாத்தான் இருந்த"ன்னார். எனக்குத்தான் பதினஞ்சு வருஷத்துக்கு மேல மறக்கலை.

உங்க ஊர்க் குடில்ல யார் எங்க நிக்கிறாங்கன்னு இந்த முறை பார்த்துட்டு எனக்கு ஒரு வாய்ஸ் நோட் அனுப்புங்க. அடுத்த எபிசோட்ல சந்திப்போம்.