கட்டுவதற்கு முன் தேட வேண்டியவை

அறிவுசார் குறைபாடு உள்ள மகனையோ மகளையோ உள்நோயாளியாகச் சேர்க்க வரும் பெற்றோர் பலர், முதல் நாளே தயங்கியபடி எங்களிடம் கேட்பது ஒன்றுண்டு: "பிள்ளையைக் கட்டிவைப்பீர்களா, டாக்டர்?" சிலர் அதை அச்சத்துடன் கேட்கின்றனர். வேறு சிலர், பல இரவுகள் உறங்காத களைப்பில், கட்டினாலாவது சற்று அமைதி கிடைக்குமே என்று கேட்கின்றனர். இரு சாராருக்கும் எங்கள் விடை ஒன்றே. பிள்ளை ஏன் அடிக்கிறான், ஏன் தலையை மோதிக்கொள்கிறான் என்பதை முதலில் தேடுவோம்.

பேச்சு வளராதவருக்கு உடல்தான் மொழி. சொற்கள் இல்லாத இருபது வயது இளைஞர் ஒருவர் தம் கன்னத்தில் ஓயாமல் அறைந்துகொண்டால், நாங்கள் முதலில் பார்ப்பது அவருடைய வாயைத்தான். சொத்தைப் பல்லின் அடியில் சீழ் கட்டியிருப்பது அரிதன்று. காதில் சீழ், பல நாள் மலச்சிக்கல், நெஞ்செரிச்சல், சிறுநீர்த்தொற்று, பெண்களுக்கு மாதவிடாய் வலி ஆகிய எல்லாமே "முரட்டுத்தனம்" என்ற பெயரில் எங்களிடம் வந்து சேர்கின்றன. சில மனநல மருந்துகளே, ஓரிடத்தில் நிற்கவோ அமரவோ விடாத தவிப்பை உண்டாக்கும். அத்தவிப்பைக் கண்டு அதே மருந்தின் அளவைக் கூட்டினால், தவிப்பும் கூடும்.

மருந்தைப் பற்றி ஒன்று கூற வேண்டும். கயிற்றுக்குப் பதிலாக மாத்திரையால் ஒருவரை அசையாமல் கிடத்துவதும் கட்டிவைத்தலே. அறிவுசார் குறைபாட்டுடன் ஆவேச நடத்தையும் கொண்ட 86 பேரிடம் நடத்தப்பட்ட ஓர் ஆய்வு 2008இல் லான்செட் இதழில் வெளியானது. ரிஸ்பெரிடோன், ஹாலோபெரிடால், மருந்தற்ற போலி மாத்திரை ஆகிய மூன்றும் ஒப்பிடப்பட்டன. நான்கு வாரங்களில் மூன்று குழுவினரிடமும் ஆவேசம் தணிந்தது; மிகுதியாகத் தணிந்தது போலி மாத்திரை பெற்றவர்களிடம். மனநோயும் உடன் இருப்பின் மருந்து தேவைப்படலாம். ஆவேசத்தை அடக்குவதற்கென்று மட்டும் அதனைத் தொடங்க நாங்கள் விரைவதில்லை.

கட்டுவதால் நேரும் தீங்குகளும் சிறியவை அல்ல. குப்புறப் படுக்கவைத்து அழுத்தினால் மூச்சு நின்றுபோகலாம். நெடுநேரம் அசைவற்றுக் கிடந்தால் காலில் இரத்தம் உறையலாம். ஏன் கட்டுகிறார்கள் என்று விளங்காத ஒருவருக்கு எஞ்சுவது அச்சம் மட்டுமே. மறுநாள் செவிலியர் அருகே வந்தாலே அவர் கையை ஓங்குவார். 2001 ஆகஸ்டு 6 அன்று ஏர்வாடியில் மனநோயாளிகள் தங்கியிருந்த கொட்டகை தீப்பற்றியபோது 28 பேர் உயிரிழந்தனர். தப்பியோட முடியாதபடி அவர்கள் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தனர்.

2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சங்கிலியிடுவதையும் தனியறையில் அடைப்பதையும் முற்றிலும் தடைசெய்கிறது. உடனடி ஆபத்தைத் தடுக்க வேறு வழியே இல்லாதபோது மட்டும், பொறுப்பு மனநல மருத்துவரின் ஒப்புதலுடன், தேவையான நேரத்திற்கு மட்டும் ஒருவரைக் கட்டுப்படுத்தலாம். தண்டனையாகவோ, பணியாளர் போதவில்லை என்பதற்காகவோ கூடாது. (இரவுப் பணியில் ஆள் குறைவு என்பதை நாங்கள் அறிவோம். சட்டமும் அறிந்தே இவ்வாறு கூறுகிறது.) அறிவுசார் குறைபாட்டை இச்சட்டம் மனநோயாகக் கருதுவதில்லை. எனினும் பேச இயலாதவருக்கு இதைவிடக் குறைந்த பாதுகாப்பு அளிப்பதில் நியாயமில்லை என்பதே எங்கள் கருத்து.

தவிர்க்க முடியாமல் ஒருவரைக் கட்டுப்படுத்த நேர்ந்தால், ஒருவர் அருகிலேயே இருந்து மூச்சு, கைகால் நிறம், தாகம், கழிவறைத் தேவை ஆகியவற்றைக் கவனிக்க வேண்டும். தொடங்கிய நேரமும் விடுவித்த நேரமும் காரணமும் பதிவாக வேண்டும். அப்பதிவைப் பற்றிக் கேட்கக் குடும்பத்தினர் தயங்க வேண்டியதில்லை.

வீட்டில், வேலைக்குச் செல்ல வேறு வழியின்றிச் சேலைத் துணியால் சன்னல் கம்பியில் கட்டிவைக்கும் தாய்மார் உண்டு. அதை எங்களிடம் மறைக்க வேண்டா. குற்றம் சாட்ட நாங்கள் கேட்பதில்லை. பகல்நேரப் பராமரிப்பு, பராமரிப்பு உதவித்தொகை போன்றவற்றுக்கு வழிகாட்ட அத்தகவல் எங்களுக்குத் தேவை.

சேர்க்கைக்கு வரும்போது ஒரு தாளில் எழுதிக்கொண்டு வாருங்கள்: வலி வந்தால் பிள்ளை என்ன செய்வார், எந்த ஓசைக்கு அஞ்சுவார், கடைசியாக மலம் கழித்தது எப்போது, எந்தப் பாட்டுக்கு அடங்குவார், ஆவேசம் வருவதற்குச் சற்று முன் முகம் எப்படி மாறும். அவர் விடாமல் வைத்திருக்கும் துண்டையோ பொம்மையையோ கூடவே கொண்டுவாருங்கள். அந்தத் தாளை நோயாளியின் கோப்பில் முதல் பக்கமாக வைப்போம். இரவுப் பணிக்கு வரும் செவிலியர் முதலில் படிப்பது அதுவாகவே இருக்கும்.