பெரிய மீன்தொட்டிக்கு அடிமணல்: செலவைக் குறைக்க வழியுண்டு

பழைய மீன்தொட்டி வாங்குவது இப்போது எளிது. வீடு மாறுவோர் ஐந்தடித் தொட்டியை அடுக்குச் சட்டத்தோடு குறைந்த விலைக்கு இணையத்தில் விற்றுவிடுகிறார்கள். மலிவாகக் கிடைத்தது என்ற மகிழ்ச்சியோடு அதை வீட்டுக்குக் கொண்டுவருவோருக்கு முதல் அதிர்ச்சி பெரும்பாலும் மணலில்தான் காத்திருக்கிறது. சிறிய தொட்டிக்கு ஒரு பை போதும். பெரிய தொட்டியின் அடியில் அதே பை ஒரு மூலையைக்கூட மூடுவதில்லை. சில நேரங்களில் தொட்டிக்குக் கொடுத்ததைவிட மணலுக்குக் கூடுதலாகக் கொடுக்கவேண்டி வருகிறது.

அங்கேதான் தவறுகள் தொடங்குகின்றன. கடற்கரை மணலை அள்ளிவருவது, கட்டுமானத்தில் மிஞ்சியதைக் கொட்டுவது எல்லாம் செலவில்லாத வழியாகத் தோன்றும். அதற்கான விலையைப் பின்னர் மீன்கள் கொடுக்கின்றன. சற்றுக் கணக்கிட்டு, சற்றுச் சோதித்துப் பார்த்தால் மீனுக்குக் கேடில்லாமலேயே செலவைப் பாதியாகக் குறைக்க முடியும்.

முதலில் கணக்கு

தொட்டியின் நீளம், அகலம், மணலின் உயரம் மூன்றையும் சென்டிமீட்டரில் பெருக்கி 1,000ஆல் வகுத்தால் தேவையான மணல் லிட்டரில் கிடைக்கும். 150 செ.மீ. நீளமும் 60 செ.மீ. அகலமும் உள்ள தொட்டியில் 5 செ.மீ. உயரத்துக்குப் பரப்ப 45 லிட்டர் வேண்டும். ஒரு லிட்டர் உலர்ந்த மணல் ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. ஆக, 68 கிலோ. அதாவது 25 கிலோ பைகள் மூன்று.

உயரத்தை 3 செ.மீ. ஆக்கினால் 27 லிட்டர், 40 கிலோ போதும். இரண்டு பைகளில் வேலை முடிந்துவிடும். வேரூன்றும் செடிகள் இல்லாத தொட்டிக்கு இந்த உயரமே தாராளம். கடைக்காரர் சொல்லும் உயரத்தை அப்படியே ஏற்காமல் இந்தக் கணக்கைப் போட்டுவிட்டுக் கடைக்குச் செல்வது நல்லது.

மணலைத் தீர்மானிப்பது மீன்தான்

அடுத்த கேள்வி, தொட்டியில் எந்த மீன் வாழப்போகிறது என்பது. கோரிடோரஸ் போன்ற கெளுத்தி வகைகள் மீசையால் அடியைத் துழாவி இரை தேடுபவை. கூரான சரளைக்கல்லில் அவற்றின் மீசை தேய்ந்து, புண்ணாகிவிடும். ஜியோஃபேகஸ் மீன் மணலை வாயில் அள்ளிச் சலித்துத் துப்பும். இவற்றுக்கு உருண்டையான, மென்மையான மணல் கட்டாயம்.

கப்பி, டெட்ரா, பார்ப் போன்றவை நடுநீரில் நீந்துபவை. அவற்றுக்கு 3 முதல் 5 மில்லிமீட்டர் சரளைக்கல்லும் பொருந்தும். அரோவானா வளர்ப்போரில் பலர் அடியில் எதையும் போடுவதே இல்லை. பெரிய மீனின் கழிவை உடனுக்குடன் உறிஞ்சி எடுக்க வெறும் கண்ணாடி வசதியானது. செலவும் இல்லை.

கையைக் கடிக்காத தேர்வுகள்

நீச்சல்குள வடிகட்டிகளில் போடும் மணல், பெரிய தொட்டி வைத்திருப்போர் பலர் நாடும் பொருள். அது பெரும்பாலும் குவார்ட்ஸ் எனும் சிலிக்கா மணல். தண்ணீரின் தன்மையை மாற்றாது. ஒரே அளவில் சலித்து வருவதால் சீக்கிரம் இறுகாது. பெரிய பைகளில் விற்கப்படுவதால், மீன் கடைகளின் சிறிய வண்ணப் பைகளைவிடக் கிலோவுக்குப் பல மடங்கு மலிவு. சாயம் பூசாத சாதாரண ஆற்றுக் கூழாங்கல்லும் சிக்கனமானதே. சிராங்கூன் நார்த், கிளமெண்டி வட்டாரங்களில் உள்ள மீன் கடைகளில் மொத்தமாக வாங்கினால் விலை குறையுமா என்றும் கேட்டுப் பார்க்கலாம்.

செடி வளர்ப்பதற்கான ‘அக்குவா சாயில்’ எனும் சுட்ட மண் உருண்டைகள்தான் செலவை ஏற்றுபவை. மேற்சொன்ன தொட்டி முழுவதும் 5 செ.மீ. பரப்ப 9 லிட்டர் பைகள் ஐந்து தேவை. செடிகளைத் தொட்டியின் மூன்றில் ஒரு பகுதியில் மட்டும் நட்டு, கல்வரிசையால் தடுத்து, அங்கு மட்டும் 6 செ.மீ. மண் போட்டால் 18 லிட்டர், அதாவது இரண்டே பைகள் போதும். மீதி இடத்துக்குச் சாதாரண மணல். இன்னும் சிக்கனம் வேண்டுமானால், மண்ணே வாங்காமல் மணலில் செடியை நட்டு, வேருக்கு அருகே உர வில்லையைப் புதைக்கலாம். அனுபியாஸ், ஜாவா பெரணி போன்றவற்றைக் கட்டையிலோ கல்லிலோ கட்டிவிட்டாலே வளரும்.

புதிய அக்குவா சாயில் பல முதல் சில வாரங்களுக்கு அம்மோனியாவை வெளியிடும். அந்த நேரத்தில் மீனை விடுவது ஆபத்து. நாளடைவில் உருண்டைகள் நொறுங்கும் என்பதால் மீண்டும் வாங்கும் செலவையும் கணக்கில் சேர்க்கவேண்டும்.

வினிகர் சோதனை

எங்கிருந்து வந்த மணலானாலும் வீட்டிலேயே ஒரு சோதனை செய்யலாம். உலர்ந்த மணல் ஒரு கரண்டி எடுத்து, சமையலறை வினிகரை அதன்மேல் ஊற்றவேண்டும். நுரைத்துக் குமிழி வந்தால் அதில் சுண்ணாம்பு இருக்கிறது. அந்தச் சுண்ணாம்பு மெல்லக் கரைந்து தண்ணீரின் கடினத்தன்மையையும் பிஎச் அளவையும் உயர்த்தும்.

அது எல்லா மீனுக்கும் கெடுதல் அன்று. ஆப்பிரிக்காவின் மலாவி, டங்கனிக்கா ஏரிகளின் சிக்லிட் மீன்கள் அத்தகைய நீருக்குப் பழகியவை. அவற்றுக்காகவே சிலர் நொறுக்கிய பவளத்தைப் போடுகிறார்கள். ஆனால், நம் வட்டார நீரோடைகளைச் சேர்ந்த ஹார்லிக்குவின் ரஸ்போராவும் அமேசானின் டிஸ்கஸும் மென்மையான நீரில் வாழ்பவை. சிப்பித்தூள் நிறைந்த கடற்கரை மணல் அவற்றுக்கு ஒத்துவராது. தவிர, பூங்காக்களிலும் கடற்கரைகளிலும் அனுமதியின்றி மணல் அள்ளவும் கூடாது.

கறுப்பு மணலில் கூடுதல் கவனம் தேவை. துரு நீக்கும் பட்டறைகளில் பயன்படும் தாமிரக் கசடும் பார்வைக்குக் கறுப்பு மணலாகவே தெரியும். அதன் விளிம்புகள் கூர்மையானவை. தாமிரமோ இறாலுக்கும் நத்தைக்கும் நஞ்சு. எதில் செய்தது என்று தெரியாத கறுப்பு மணலை எவ்வளவு மலிவானாலும் தவிர்ப்பதே நல்லது.

கழுவுவதும் மாற்றுவதும்

சிலிக்கா தூசி நுரையீரலுக்குக் கேடு. எனவே, மணலை வாளியில் கொட்டுவதற்கு முன்பே நனைத்துவிடவேண்டும். கால் வாளி மணலில் தண்ணீர் விட்டுக் கையால் கிளறி, கலங்கல் குறையும்வரை ஊற்றிவிடலாம். அந்த நீரைச் சமையலறைத் தொட்டியில் ஊற்றினால் மணல் குழாயில் தங்கி அடைத்துக்கொள்ளும். சற்று நேரம் தெளியவிட்டு, மேல்நீரை மட்டும் வடிப்பது நல்லது.

ஏற்கெனவே மீன் உள்ள தொட்டியில் மணலை மாற்றுவோர்தான் மிகவும் கவனமாக இருக்கவேண்டும். மீனின் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நச்சு குறைந்த பொருளாக மாற்றும் நுண்ணுயிரிகள் வடிகட்டியில் மட்டுமல்ல, பழைய மணலிலும் வாழ்கின்றன. ஒரே நாளில் முழுவதையும் அள்ளினால் அவற்றில் பெரும்பகுதி போய்விடும். தண்ணீர் கண்ணாடிபோல் தெளிவாக இருக்கும்போதே மீன்கள் மேலே வந்து மூச்சுக்குத் திணறலாம். மணலைப் பகுதி பகுதியாகச் சில வாரங்களில் மாற்றுவதும், அந்தக் காலத்தில் வடிகட்டியைக் கழுவாமல் விடுவதும், இரையைக் குறைப்பதும் பாதுகாப்பு. சிங்கப்பூர்க் குழாய்நீரில் கிருமிநீக்கத்துக்குக் குளோராமின் சேர்க்கப்படுகிறது. அதை முறிக்கும் மருந்து கலக்காமல் தொட்டியில் நீர் ஊற்றக்கூடாது.

பராமரிப்பும் எடையும்

மென்மணலை ஆழமாகப் போட்டுக் கிளறாமல் விட்டால் அடியில் உயிர்வாயு இல்லாமல் போய், அழுகிய முட்டை நாற்றமுள்ள வாயு உருவாகக்கூடும். வாரம் ஒருமுறை விரலால் இலேசாகக் கிளறலாம். மணலுக்குள் புகுந்து திரியும் ‘மலேசியன் டிரம்பெட்’ நத்தைகள் இந்த வேலையைச் சம்பளமில்லாமல் செய்யும். இரை அதிகமானால் அவையும் பெருகிவிடும் என்பதை மறக்கக்கூடாது.

கடைசியாக எடை. 60 செ.மீ. உயரமுள்ள ஐந்தடித் தொட்டியில் தண்ணீரே 500 கிலோவைத் தாண்டும். மணல், கண்ணாடி, சட்டம் எல்லாம் சேர்த்தால் 600 கிலோவுக்கும் மேல். வீவக வீட்டில் இவ்வளவு எடையை ஓரிடத்தில் வைப்பதற்குமுன் கழகத்திடமோ பொறியாளரிடமோ கேட்டுவிடுவது நல்லது. அந்த வகையிலும் மெல்லிய மணல் படுகை உதவும். 5 செ.மீ.க்குப் பதில் 3 செ.மீ. போட்டால் குறைவது ஒரு பை விலை மட்டுமன்று, தூக்கவும் கழுவவும் வேண்டிய 27 கிலோவும்தான்.